பால்கன் பயணம்: ரயிலா, பஸ்ஸா, வாடகைக் காரா?

பால்கன் நாடுகளைச் சுற்றலாம் என்று ஆசை வந்ததும் பலரும் முதலில் தேடுவது பல நாட்டு ரயில்களிலும் ஒரே டிக்கெட்டாகச் செல்லும் யூரெயில் பாஸின் விலையைத்தான். ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து பக்கம் ரயிலில் சுற்றியவர்களுக்கு அது கைப்பழக்கம். பால்கனுக்கு அது வேண்டாம். பாஸ் அங்கே செல்லாது என்று சொல்லவில்லை, செர்பியா, மாண்டினீக்ரோ, போஸ்னியா, வட மாசிடோனியா, பல்கேரியா, ருமேனியா எல்லாமே அதில் உண்டு. ஆனால் ஏறுவதற்கு ரயில் இருக்க வேண்டுமே. குரோவேஷியாவின் ஸாக்ரெபிலிருந்து செர்பியாவின் பெல்கிரேடுக்கு ஓடிய ரயிலைக் கொரோனா காலத்தில் நிறுத்தினார்கள், பிறகு அது திரும்பவே இல்லை. போஸ்னியாவின் சரயேவோவிலிருந்து ஸாக்ரெப் போன ரயில் 2016 இறுதியோடு நின்றுபோனது. சரயேவோ - பெல்கிரேடும் இல்லை. குரோவேஷியாவின் டுப்ரோவ்னிக்கில் ரயில் நிலையமே கிடையாது. அல்பேனியாவுக்குள் எந்த நாட்டிலிருந்தும் பயணிகள் ரயில் போவதில்லை. ஓடுகிற சில ரயில்களிலும் டிக்கெட் அவ்வளவு மலிவு, பாஸில் ஒரு நாளுக்கு ஆகும் காசில் நேரடியாக டிக்கெட் எடுத்து இரண்டு மூன்று பயணம் போய்வரலாம்.

அப்படியானால் எல்லாமே பஸ்தானா என்றால், அதுவும் இல்லை. நாடு விட்டு நாடு போவதற்கு பஸ். அந்தப் பாதையைப் பார்ப்பதற்காகவே ஏற வேண்டிய மூன்று நான்கு இடங்களில் மட்டும் ரயில். கார் எடுப்பதென்றால் ஒரே நாட்டுக்குள் இரண்டு மூன்று நாள். இப்படிக் கலந்து போவதுதான் சரி என்பது என் முடிவு. ஆனால் இந்தக் கணக்கையெல்லாம் போடும் முன் பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்க்க வேண்டும். இந்திய, இலங்கை பாஸ்போர்ட்காரர்களுக்கு எந்த வண்டி என்பதைவிட எந்த எல்லை என்பதுதான் வழியைத் தீர்மானிக்கிறது.

விசாவிலிருந்து தொடங்குங்கள்

ஸ்லோவேனியாவும் கிரீஸும் பல காலமாக ஷெங்கனில், அதாவது ஒரே விசாவில் உள்ளே சுற்றவிடும் ஐரோப்பிய நாடுகளின் கூட்டில், இருக்கின்றன. 2023 ஜனவரியில் குரோவேஷியா சேர்ந்தது. ருமேனியாவும் பல்கேரியாவும் 2025 ஜனவரியிலிருந்து தரைவழி எல்லைகளிலும் சேர்ந்துவிட்டன. இவற்றுக்கு நடுவே போஸ்னியா, செர்பியா, மாண்டினீக்ரோ, கொசோவோ, அல்பேனியா, வட மாசிடோனியா ஆறும் ஷெங்கனுக்கு வெளியே கிடக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் தனி விதி. இந்தியர்களுக்கு 30 நாள் விசா இல்லாமல் அனுமதித்துக்கொண்டிருந்த செர்பியாகூட 2023 ஜனவரி 1 முதல் அதை எடுத்துவிட்டது.

ஆறு நாட்டுக்கும் ஆறு விசா எடுக்க வேண்டுமா என்று பயப்பட வேண்டாம். செல்லுபடியாகும் மல்டிபிள் என்ட்ரி (பல முறை நுழையலாம்) ஷெங்கன் விசா ஒன்று இருந்தால் ஆறுக்கும் அதை வைத்தே போகலாம். செர்பியாவில் 90 நாள் வரை, அல்பேனியாவிலும் 90 நாள் வரை இருக்கலாம், ஆனால் அல்பேனியாவுக்கு அந்த விசாவை ஏற்கெனவே ஒரு முறையாவது ஷெங்கனுக்குள் போய்ப் பயன்படுத்தியிருக்க வேண்டும். மாண்டினீக்ரோவும் போஸ்னியாவும் 30 நாள். வட மாசிடோனியாவும் கொசோவோவும் 15 நாள். இந்த விதிகள் அவ்வப்போது மாறுகிறவை, அதனால் டிக்கெட் போடும் வாரத்தில் அந்தந்த நாட்டு வெளியுறவு அமைச்சகத்தின் பக்கத்தை ஒரு முறை பார்த்துவிடுங்கள். இந்த ஆறு நாடுகளில் கழிக்கும் நாட்கள் ஷெங்கனுக்குள் இருக்க அனுமதிக்கும் 90 நாள் கணக்கில் சேராது, நீண்ட பயணம் போகிறவர்களுக்கு இது பெரிய வசதி.

ஒரே ஒரு முறை நுழைய விடும் சிங்கிள் என்ட்ரி விசாதான் கிடைத்தது என்றால் மேற்குப் பக்கத்தை மறந்துவிடலாம். வரைபடத்தைப் பார்த்தால் ஏன் என்று புரியும். குரோவேஷியாவிலிருந்து போஸ்னியாவின் மோஸ்தாருக்குப் போனால் ஷெங்கனை விட்டு வெளியேறிவிட்டீர்கள். அங்கிருந்து டுப்ரோவ்னிக் பார்க்க வந்தால் மறுபடி நுழைகிறீர்கள். டுப்ரோவ்னிக்கிலிருந்து மாண்டினீக்ரோவின் கோட்டோருக்குப் போனால் மறுபடி வெளியே. நூற்றைம்பது கிலோமீட்டர் சுற்றளவுக்குள் விசாவின் என்ட்ரிகள் கரைந்துபோகும். முன்பெல்லாம் ஸ்ப்ளிட்டிலிருந்து டுப்ரோவ்னிக் போவதற்கே நெயும் என்ற இடத்தில் போஸ்னியாவின் கடற்கரைத் துண்டைக் கடந்தாக வேண்டும், ஒரே நாட்டுக்குள் போவதற்கு இரண்டு எல்லைச் சோதனை. 2022 ஜூலையில் பெல்யேஷாட்ஸ் பாலம் திறந்ததும் அந்தத் தொல்லை தீர்ந்தது. ஆனாலும் பழைய வழியிலேயே போகும் பஸ் எதுவும் இருக்கலாம், அதனால் டிக்கெட் வாங்கும்போதே பாலம் வழியா, நெயும் வழியா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

கொசோவோ விஷயத்தில் வரிசை முக்கியம். கொசோவோவைத் தனி நாடாக செர்பியா ஏற்கவில்லை. அல்பேனியா வழியாகவோ வட மாசிடோனியா வழியாகவோ கொசோவோவுக்குள் நுழைந்து, அங்கிருந்து நேராக செர்பியாவுக்குப் போனால், செர்பியாவின் பார்வையில் நீங்கள் நுழைவு முத்திரை இல்லாமல் உள்ளே வந்தவர். திருப்பி அனுப்பிவிடுவார்கள். செர்பியாவை முதலில் முடித்துவிட்டு, கொசோவோவைப் பிறகு வைத்தால் இந்தச் சிக்கலே வராது.

சிங்கிள் என்ட்ரிக்காரர்களுக்கு கிழக்கு வழி

இந்த ஒரு வழியில் மட்டும் முழுக்க ரயிலிலேயே போகலாம், அதுவும் ஒரே ஷெங்கன் நுழைவில். வியன்னா அல்லது புடாபெஸ்டில் தொடங்கி, ருமேனியாவில் ப்ராஷோவ், புக்காரெஸ்ட், அங்கிருந்து டான்யூபைக் கடந்து பல்கேரியாவின் ரூசே, பிறகு சோஃபியா, ப்ளோவ்திவ், கடைசியாக இஸ்தான்புல். புடாபெஸ்டுக்கும் ருமேனியாவுக்கும் இடையே படுக்கை வசதியுள்ள இரவு ரயில்கள் உண்டு. ப்ராஷோவிலிருந்து புக்காரெஸ்ட் 166 கிலோமீட்டர், பிரஹோவா பள்ளத்தாக்கில் சினாயா வழியாகக் கார்பேத்திய மலையிலிருந்து இறங்கும் பாதை, அதைப் பகலில் போக வேண்டும். புக்காரெஸ்ட் - சோஃபியா ரயில் மெதுவானது, கிட்டத்தட்ட ஒரு நாளின் பகல் முழுக்கப் போய்விடும், பஸ் இரண்டு மூன்று மணி நேரம் முன்னதாகக் கொண்டுபோய்விடும். நான் இங்கே ரயில்தான் சொல்வேன், அவசரமில்லாத ஆளாக இருந்தால்.

சோஃபியாவுக்கும் ப்ளோவ்திவுக்கும் நடுவே செப்டெம்வ்ரி என்று ஒரு சந்திப்பு நிலையம். அங்கிருந்து தோப்ரினிஷ்டே வரை 125 கிலோமீட்டருக்கு 760 மில்லிமீட்டர் அகலமுள்ள குறுகிய பாதையில் ஒரு சின்ன ரயில் போகிறது, ஐந்து மணி நேரம். வழியில் வரும் அவ்ராமோவோ 1,267 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, பால்கனிலேயே உயரமான ரயில் நிலையம் அதுதான். அது சுற்றுலாவுக்காக அலங்கரித்து ஓட்டுகிற வண்டி இல்லை. மலைக் கிராமத்துக்காரர்கள் சந்தைக்கும் மருத்துவமனைக்கும் போய்வருகிற அன்றாட ரயில், பக்கத்து இருக்கையில் மூட்டை முடிச்சோடு யாராவது இருப்பார்கள். பான்ஸ்கோவில் இறங்கி இரண்டு நாள் தங்கி மலையேறிவிட்டுத் திரும்பலாம்.

சோஃபியா - இஸ்தான்புல் இரவு ரயிலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். படங்களைப் பார்த்து ஆசைப்பட்டு ஏறுகிறவர்கள் நடு இரவில் நடப்பதை எதிர்பார்ப்பதில்லை. துருக்கி எல்லையில் காபிகுலே நிலையத்தில் வண்டி நிற்கும். படுக்கையில் இருப்பவர் உட்பட எல்லோரும் மூட்டையோடு இறங்கி, நடைமேடையில் இருக்கும் ஒரு ஜன்னல் முன்னால் வரிசையில் நின்று முத்திரை வாங்க வேண்டும், அப்புறம் பைகளை ஸ்கேனரில் விட வேண்டும், மறுபடி ஏற வேண்டும். பல்கேரியப் பக்கம் ஸ்விலென்கிராடில் அதிகாரிகளே பெட்டிக்குள் வந்து பார்ப்பார்கள், அது பரவாயில்லை. இரண்டும் சேர்ந்தால் இரவுத் தூக்கம் பாதி போய்விடும், மே மாதத்தில்கூட அந்த நடைமேடையில் குளிர் எலும்பைத் தொடும். ஜாக்கெட்டைப் பைக்குள் போடாமல் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். இஸ்தான்புல்லில் வண்டி நகருக்குள் வருவதில்லை, ஹால்கலே என்ற புறநகர் நிலையத்தோடு சரி, அங்கிருந்து மர்மராய் ரயில் பிடித்தால் சிர்கெஜி வந்துவிடலாம். இவ்வளவுக்கும் பிறகும் நான் இந்த ரயிலையே பரிந்துரைப்பேன், பஸ்ஸில் போனாலும் அதே எல்லையில் அதே நேரத்தில் இறங்கத்தான் வேண்டும், ரயிலில் திரும்பி வந்து காலை நீட்டிப் படுக்கவாவது முடியும்.

பெல்கிரேட் - பார்

மேற்குப் பக்கம் போகிறவர்கள் ஒரே ஒரு ரயிலில்தான் ஏறுவேன் என்றால் இதில் ஏறுங்கள். செர்பியத் தலைநகரிலிருந்து மாண்டினீக்ரோவின் கடற்கரை ஊரான பார் வரை 476 கிலோமீட்டர். 1976-இல் திறந்துவைத்தவர் அன்றைய யூகோஸ்லாவிய அதிபர் டீட்டோ. கட்டுவதற்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. சுரங்கங்கள் மட்டும் 254. வழியில் சில கிலோமீட்டர் போஸ்னியாவுக்குள் புகுந்து வெளியே வரும், பாதை போட்ட காலத்தில் எல்லாம் ஒரே நாடு, யாரும் அதைப் பற்றி யோசித்திருக்க மாட்டார்கள். இந்தப் பகுதியின் ரயில்கள் இன்று இப்படித் துண்டுதுண்டாகக் கிடப்பதற்கும் காரணம் இதுதான். யூகோஸ்லாவியாவுக்கு ஒரே ரயில்வே இருந்தது. 1991-க்குப் பிறகு நாடு உடைந்ததும் ரயில்வேயும் அத்தனை கம்பெனியாக உடைந்தது. எல்லைக்கு எல்லை எஞ்சின் மாற்றி, காவலர் ஏறி இறங்கி, ஆள் குறைந்து, வருமானம் குறைந்து, ஒவ்வொரு தடமாக விட்டுவிட்டார்கள். பஸ்காரர்கள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டார்கள்.

இந்தப் பாதையின் உச்சி கொலாஷின், 1,032 மீட்டர். அங்கிருந்து போட்கோரிட்சா வரை சுமார் ஒன்றரை மணி நேரத்தில் ரயில் ஆயிரம் மீட்டர் அளவுக்குக் கீழே இறங்குகிறது. மொராச்சா ஆற்றின் பள்ளத்தாக்கை ஒட்டி மலையின் தோளில் தண்டவாளம் போகிறது, சுரங்கத்திலிருந்து வெளியே வந்து கண் கூசி முடிப்பதற்குள் அடுத்த சுரங்கம், நடுவில் கிடைக்கும் சில விநாடிகளில் கீழே எங்கேயோ ஆறு, சாலை, தீப்பெட்டி அளவுக்கு லாரிகள். மாலா ரியேகா பாலம் பள்ளத்தாக்கின் அடியிலிருந்து 198 மீட்டர் உயரம். பல காலம் உலகத்தின் மிக உயரமான ரயில் பாலமாக இருந்தது அது. ஜன்னல் திறக்கிற பழைய பெட்டி கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

பகல் வண்டி கோடையில் மட்டும்தான். இரவு வண்டியை எடுத்தால் பாதை தெரியாதே என்று கேட்பார்கள். எந்தத் திசையில் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது அது. பெல்கிரேடிலிருந்து கிளம்பினால் விடிகிற நேரத்தில் வண்டி மாண்டினீக்ரோ மலைக்குள் இருக்கும், ஜூன், ஜூலையில் கொலாஷினுக்குக் கீழே உள்ள பகுதி முழுக்க வெளிச்சத்தில் கிடைத்துவிடும். பாரிலிருந்து கிளம்பினால் அதே பகுதியை இருட்டில் தாண்டிவிடுவீர்கள். அதனால் பயணத்தை வடக்கிலிருந்து தெற்காக வையுங்கள். இருக்கை டிக்கெட் சுமார் 25 யூரோ, படுக்கைக்குக் கொஞ்சம் கூடுதல், ஜூலை, ஆகஸ்டில் படுக்கை சீக்கிரம் தீர்ந்துவிடும். தாமதம் சகஜம். பதினோரு மணி நேரம் என்று போட்டிருந்தால் மேலே இரண்டு மூன்று மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள், அன்று மாலைக்கு வேறு எதையும் முன்பதிவு செய்யாதீர்கள். சாப்பாட்டுப் பெட்டியை நம்பவும் வேண்டாம், பெல்கிரேடிலேயே ரொட்டியும் தண்ணீரும் வாங்கிவிடுங்கள். பெல்கிரேடின் பழைய மத்திய நிலையம் 2018-இல் மூடப்பட்டுவிட்டது, இப்போது ரயில் கிளம்புவது புரோகோப்பில் உள்ள பெல்கிரேட் சென்டர் நிலையத்திலிருந்து, பழைய பயணக் குறிப்புகளைப் படித்துவிட்டு ஆற்றோரம் போய் நிற்காதீர்கள்.

செர்பியப் பக்கம் தண்டவாள வேலைகளால் சில பருவங்களில் முழு தூரமும் வண்டி ஓடாமல் போகலாம். அப்படியானால் மாண்டினீக்ரோவுக்குள் ஓடும் உள்ளூர் ரயில் இருக்கிறது, பியேலோ போல்யேவிலிருந்து பார் வரை. அழகான பகுதி அத்தனையும் அதற்குள்தான் இருக்கிறது, சில யூரோதான் டிக்கெட். போட்கோரிட்சாவில் தங்கிக்கொண்டு காலையில் கொலாஷின் போய் மதியம் திரும்பினாலே போதும்.

ஏற வேண்டிய ரயில்களில் சரயேவோ - மோஸ்தார் இரண்டாவது. இரண்டு மணி நேரம்தான், பத்து யூரோகூட ஆகாது. சரயேவோவிலிருந்து மலை ஏறி, வளைந்து வளைந்து கோனியிட்ஸுக்கு இறங்கி, அப்புறம் நெரெட்வா ஆற்றை ஒட்டியே போகிறது. ஸ்பெயினில் செய்த டால்கோ பெட்டிகள், வசதியானவை. நாளுக்கு இரண்டு வண்டி அளவில்தான் ஓடுகின்றன, அதனால் நேரத்தை முதலில் பார்த்துவிட்டு அதற்கேற்ப நாளை அமைத்துக்கொள்ள வேண்டும். 2024 அக்டோபர் வெள்ளத்தில் யாப்லனிட்ஸா பக்கம் சாலையும் தண்டவாளமும் சேர்ந்தே அடித்துப்போயின, அந்தப் பள்ளத்தாக்கில் மழைக்காலத்தில் போகிறவர்கள் கிளம்பும் முன் நிலையத்தில் ஒரு வார்த்தை விசாரித்துக்கொள்ளுங்கள். பஸ்ஸும் அதே ஆற்றை ஒட்டித்தான் போகிறது, ரயில் தவறினால் பெரிய நஷ்டமில்லை.

பஸ் எப்படி

மற்ற எல்லாத் தூரத்துக்கும் பஸ்தான். மோஸ்தார் - டுப்ரோவ்னிக், சரயேவோ - பெல்கிரேட், கோட்டோர் - உல்சின் - ஷ்கோடர், டிரானா - ஓஹ்ரிட், ஓஹ்ரிட் - ஸ்கோப்யே, ஸ்கோப்யே - சோஃபியா, எதற்கும் நேரடி ரயில் கிடையாது. பெரும்பாலான பயணங்கள் 10 யூரோவிலிருந்து 30 யூரோவுக்குள் முடிந்துவிடும். வண்டி புதிதாகவும் இருக்கும், ஏசி வேலை செய்யாத பழையதாகவும் இருக்கும், டிக்கெட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது.

பஸ் நிலையத்தில் டிக்கெட் விலை மட்டும் கொடுத்தால் முடிந்துவிடாது. முன்னாள் யூகோஸ்லாவிய நாடுகளில் பல ஊர்களில் நடைமேடைக்குள் போகத் தனிக் கட்டணம் உண்டு, கவுண்டரிலேயே சேர்த்து வாங்கிவிடுவார்கள், இணையத்தில் டிக்கெட் எடுத்தவர்கள் அதற்காக மறுபடி கவுண்டருக்குப் போக வேண்டியிருக்கும். அப்புறம் வண்டிக்கடியில் பை வைப்பதற்குத் தனியாக ஒன்று இரண்டு யூரோ. உதவியாளர் கையை நீட்டுவார், நீங்கள் 50 யூரோ நோட்டை நீட்டினால் முகம் சுருங்கிவிடும். சில்லறையாக, அந்த நாட்டு நாணயத்தில் கொடுத்தால் பையின் கைப்பிடியில் ஒரு ஸ்டிக்கரை ஒட்டி அதன் பாதியை உங்களிடம் கொடுப்பார், அதைத் தொலைத்துவிடாதீர்கள். மாண்டினீக்ரோ, கொசோவோ, குரோவேஷியா யூரோ, பல்கேரியாவும் 2026-இலிருந்து யூரோ. செர்பியாவில் தினார், போஸ்னியாவில் மார்க், அல்பேனியாவில் லேக், வட மாசிடோனியாவில் தெனார். எல்லை தாண்டும் நாளில் இரண்டு நாட்டுச் சில்லறையும் பையில் இருக்க வேண்டும்.

எல்லையில் பஸ் நின்றதும் உதவியாளர் ஒவ்வொரு இருக்கையாக வந்து பாஸ்போர்ட்டுகளை வாங்கி அடுக்கிக்கொண்டு போவார். அரைமணி கழித்து அதே அடுக்கோடு வந்து பேர் சொல்லிக் கொடுப்பார், நம் பேரை அவர் படிக்கத் திணறும்போது நாமே எழுந்து கையை உயர்த்திவிடுவது நல்லது. சில சமயம் அதிகாரி நம்மை மட்டும் கீழே கூப்பிடுவார். பதற வேண்டாம், விசாப் பக்கத்தைத் திறந்து காட்டி, எங்கே தங்குகிறோம், எங்கிருந்து ஊருக்குத் திரும்புகிறோம் என்று சொன்னால் பெரும்பாலும் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அதற்காகத்தான் ஹாஸ்டல் பதிவையும் திரும்பும் விமான டிக்கெட்டையும் காகிதத்தில் வைத்திருக்கச் சொல்வது, மலையடிவார எல்லைச் சாவடியில் இணையம் கிடைக்கும் என்று இருக்கக் கூடாது. குரோவேஷியா போன்ற ஷெங்கன் எல்லையில் எல்லோருமே இறங்கி வரிசையில் நிற்க வேண்டும். 2025 அக்டோபரிலிருந்து முகப்படமும் விரல்ரேகையும் எடுக்கும் புதிய முறை வேறு வந்திருக்கிறது. டுப்ரோவ்னிக்குக்கும் கோட்டோருக்கும் இடையே தூரம் குறைவு, ஆனால் ஆகஸ்ட் சனிக்கிழமைகளில் எல்லையிலேயே மணிக்கணக்கில் நிற்கும், முதல் பஸ்ஸில் கிளம்பிவிடுங்கள்.

ஒரே ஊரில் இரண்டு பஸ் நிலையம் இருப்பது இன்னொரு குழப்பம். சரயேவோவில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒன்று, நகரின் மறுகோடியில் கிழக்கு சரயேவோவில் ஒன்று. செர்பியாவுக்கும் மாண்டினீக்ரோவுக்கும் போகும் பல பஸ்கள் கிழக்கு நிலையத்திலிருந்துதான் கிளம்புகின்றன. 103-ஆம் எண் டிராலிபஸ்ஸில் தோப்ரின்யா வரை போய், அங்கிருந்து கொஞ்சம் நடக்க வேண்டும். 1990-களின் போஸ்னியப் போருக்குப் பிறகு நகரத்தின் நடுவே விழுந்த கோடு இன்னும் பஸ் கால அட்டவணையில் அப்படியே இருக்கிறது. பெல்கிரேடின் பஸ் நிலையமும் 2024-இல் புது பெல்கிரேடுக்கு இடம் மாறிவிட்டது.

இரவு பஸ் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஹாஸ்டல் காசு மிச்சம் என்று தோன்றும். ஆனால் அந்த மலைப் பாதையின் வளைவுகளில் தூக்கமும் வராது, எல்லையில் இரண்டு முறை எழுப்புவார்கள், விடிகாலை நாலரைக்கு அடைத்துக் கிடக்கும் பஸ் நிலையத்தில் இறக்கிவிடுவார்கள். ஹாஸ்டல் படுக்கை 15 யூரோ அளவில் கிடைக்கும் ஊர்களில் அந்த மிச்சத்துக்கு மதிப்பே இல்லை.

அல்பேனியாவுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. அங்கே ஃபுர்கோன் என்ற வேன்கள்தான் ஊரை இணைக்கின்றன. ஆள் நிறைந்ததும் கிளம்பும், காலையில் நிறைய ஓடும், பிற்பகலுக்கு மேல் குறைந்துவிடும். ஷ்கோடரில் பெரிய பையை விடுதியில் விட்டுவிட்டு, சின்னப் பையோடு விடிகாலை வேனில் கோமன் போய், அணைக்குப் பின்னால் செங்குத்தான மலைகளுக்கு நடுவே நீண்டு கிடக்கும் ஏரியில் படகில் ஃபியர்ஸா, அங்கிருந்து வேனில் வல்போனா, மறுநாள் சுமார் 1,800 மீட்டர் உயரக் கணவாயை நடந்தே கடந்து தெத், அங்கிருந்து மறுபடி ஷ்கோடர். வேன், படகு, வேன் மூன்றையும் சேர்த்து ஷ்கோடர் விடுதிகளிலேயே டிக்கெட் போட்டுக் கொடுப்பார்கள், தனித்தனியாக அலைய வேண்டாம். நடை ஆறிலிருந்து எட்டு மணி நேரம். ஜூன் தொடக்கம் வரைகூடக் கணவாயில் பனி கிடக்கலாம். இந்த மூன்று நாளுக்காக மற்ற ஊர்களில் எதைக் குறைத்தாலும் தகும்.

கார் எப்போது

நாலு பேர் சேர்ந்தால் கார் மலிவாகத் தோன்றும். ஒரு நாட்டில் எடுத்து இன்னொரு நாட்டில் விட்டால் விதிக்கும் கூடுதல் கட்டணம் அந்த மலிவைத் தின்றுவிடும். எல்லை தாண்ட வாடகை நிறுவனத்தின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும், வெளிநாட்டிலும் செல்லும் கிரீன் கார்டு என்ற கார் காப்பீடு வேண்டும், செர்பியாவில் எடுத்த காரைக் கொசோவோவுக்குக் கொண்டுபோக விடமாட்டார்கள். அங்கே ஸ்டீயரிங் இடப்பக்கம், சாலையில் போவது வலப்பக்கம், பெரும்பாலும் கியர் வண்டி, இதோடு மலைப்பாதை. சர்வதேச ஓட்டுநர் உரிமமும் கையில் இருக்க வேண்டும்.

ஆனால் மாண்டினீக்ரோவின் டுர்மிட்டோர் மலைக்கு மட்டும் கார் இல்லாமல் சரிவராது. ஷாப்லியாக் வரை பஸ் போகும், அதற்குமேல் மலையைச் சுற்றிவரும் அந்தக் குறுகிய பாதையில் பஸ் கிடையாது. தாரா பள்ளத்தாக்கு 1,300 மீட்டர் ஆழம். அதன்மேல் நிற்கும் ஜுர்ஜெவிச்சா தாரா பாலம் 1940-இல் முடிந்தது. 1942-இல் இத்தாலியப் படையைத் தடுக்க அதன் ஒரு வளைவை வெடிவைத்துத் தகர்க்க உதவியவர், அதைக் கட்டிய பொறியாளர்களில் ஒருவரான லாசர் யாவுகோவிச். பிடிபட்ட அவரை அந்தப் பாலத்திலேயே சுட்டுக் கொன்றார்கள். பாலத்தின் நடுவில் நின்று கீழே பார்க்கிறவர்கள் கரையில் இருக்கும் அவருடைய நினைவுக்கல்லையும் பார்த்துவிட்டு வாருங்கள். போட்கோரிட்சாவில் கார் எடுத்து, மூன்றாவது நாள் அதே இடத்தில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கோட்டோருக்குக் காரைக் கொண்டுபோக வேண்டாம், கோட்டைக்குள் வண்டி விடுவதில்லை, வெளியே நிறுத்த இடம் தேடியே அரை நாள் போய்விடும்.

யாருக்கு எது

வயதான அப்பா அம்மாவோடு போகிறவர்கள் கிழக்கு வழி ரயிலை எடுங்கள். எல்லை குறைவு, நிலையங்கள் ஊருக்குப் பக்கத்தில், நடக்கவும் கழிப்பறைக்குப் போகவும் வண்டியில் வசதி உண்டு. பத்து நாள்தான் விடுமுறை என்றால் சரயேவோ, மோஸ்தார், கோட்டோர், போட்கோரிட்சா - கொலாஷின் ரயில், இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், எட்டு நாடு தொட்டேன் என்று சொல்வதற்காக எல்லையிலேயே நாளைக் கழிப்பதில் என்ன இருக்கிறது?

மூன்று வாரமும் மல்டிபிள் என்ட்ரி விசாவும் இருக்கிறவர்களுக்கு நான் போட்டுக் கொடுக்கும் வழி இது. ஸாக்ரெபில் இறங்கி ரயிலில் ஸ்ப்ளிட், பஸ்ஸில் மோஸ்தார், ரயிலில் சரயேவோ, பஸ்ஸில் பெல்கிரேட், இரவு ரயிலில் போட்கோரிட்சா, அங்கிருந்து கார் எடுத்து டுர்மிட்டோர், பஸ்ஸில் கோட்டோர், உல்சின் வழியாக ஷ்கோடர், மலைச் சுற்று, பிறகு பெராத், ஓஹ்ரிட், ஸ்கோப்யே, சோஃபியா, ரயிலில் இஸ்தான்புல். இதில் ஷெங்கனுக்குள் நுழைவது இரண்டே முறை, குரோவேஷியாவில் ஒன்று, பல்கேரியாவில் ஒன்று. டுப்ரோவ்னிக் வேண்டுமென்றால் மூன்று. செர்பியா ஏற்கெனவே முடிந்திருப்பதால் கொசோவோவின் பிரிஸ்ரெனை ஷ்கோடருக்கும் ஸ்கோப்யேவுக்கும் நடுவே தாராளமாகச் சேர்க்கலாம், அப்போது ஓஹ்ரிடை ஸ்கோப்யேவிலிருந்து போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டியிருக்கும். துருக்கிக்கு விசாவைத் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும், செல்லுபடியாகும் ஷெங்கன் விசா வைத்திருக்கும் இந்தியர்களுக்கு நிபந்தனைகளோடு இ-விசா கிடைக்கிறது.

முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டியது பெல்கிரேட் - பார் படுக்கை, சோஃபியா - இஸ்தான்புல் படுக்கை, தெத், வல்போனா விடுதி, இவ்வளவுதான். பஸ் டிக்கெட்டுகளை முந்தின நாள் நிலையத்தில் நேரில் போய் வாங்குங்கள். இணையத்தில் காட்டும் நேரமும் கவுண்டரில் சொல்லும் நேரமும் ஒத்துப்போகாவிட்டால் கவுண்டரில் சொல்வதையே நம்புங்கள்.